பாதி விலைக் கேமரா

தீபாவளித் தள்ளுபடிக்கு அன்றுதான் கடைசி நாள். என் பழைய வீடியோ கேமரா டேப்பை மென்று தின்னத் தொடங்கியிருந்தது. அடுத்த வாரம் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம் எடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். பெண்ணைப் பெற்றவனே நான்தான் என்பதுபோல் வியர்த்து வழிய செங்கல்பட்டுக் கடைக்குள் ஓடினேன்.

தோளில் வைத்து எடுக்கும் பெரிய கேமரா, பாதி விலை! வேறு யாரும் தூக்கிவிடக் கூடாதென்று அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். விற்பனையாளர் ஒல்லியானவர். அந்தக் கேமராவோடு இணைத்திருந்த டிவியில் தன் முகத்தைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டே பேசினார்.

"சீக்கிரம் பில் போடுங்கண்ணே! அடுத்த வாரம் கல்யாணம் எடுக்கணும்."

முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குனிந்தார். "இன்னா அண்ணாத்த, ரயிலா போவுது? இது ஆறு மாசமா ஷோவுக்கு டேப்ப போட்டு, ரோட்ல போறவன் வர்றவன எல்லாம் புடிச்சிகினு கீது. படம் பதியிற ஹெட்டு தேஞ்சி பூட்ச்சு. தாலி கட்டசொல்ல நின்னுச்சுன்னா உன்ன தூண்ல கட்டி ஒதைப்பாங்க. வாடகைக்கு எடு, போ."

வாடகைக் கேமராவோடு கல்யாணத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் தனியாக ஒரு வீடியோக்காரரை அழைத்து வந்திருந்தார்கள். அந்த விற்பனையாளரேதான்! தோளில் அதே கேமரா.

"இதத்தானே வேணாம்னீங்க?"

"மொதலாளி இன்னும் கொறச்சாரு, அண்ணாத்த."

கெட்டிமேளம் கொட்டியது. அவர் கேமராவின் விலாவில் படபடவென்று அறைந்துகொண்டிருந்தார். பிறகு பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் டேப்பு ஒரு காப்பி குடுப்பியா?"

கொடுத்தேன். முன்பின் தெரியாத எனக்கு உண்மையைச் சொன்ன மனிதர், அதைத் தனக்கு ஏன் சொல்லிக்கொள்ளவில்லை என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.