பூட்டிய பின்னறை

நேற்று தாம்பரத்தில் ஒரு மலையாளிக் கடையில் உலர்ந்த மரச்சீனிக் கிழங்குத் துண்டுகளை முகர்ந்ததும், தேங்காய்ப்பட்டணம் கரையில் இப்போது கடலுக்குள் போய்விட்ட எங்கள் வீட்டின் பின்னறை நினைவுக்கு வந்தது. சுனாமிக்குப் பிறகு அம்மா கடலை நம்பவில்லை. அவித்துக் காயவைத்த மரச்சீனியும் கருவாடும் மண்ணெண்ணெயும் அந்த அறையில் சேர்ந்துகொண்டே இருக்க, கதவிடுக்கில் மூக்கை வைத்தால் எல்லாம் கலந்து புளிப்பாக அடிக்கும், சாவி அவள் இடுப்பிலேயே இருக்கும். அலை மறுபடி வரப்போவது அவளுக்குத் தெரியும், எங்களிடம் மறைக்கிறாள் என்று நான் பயந்தேன். பக்கத்து வீட்டுப் பிலோமி மாமிக்கோ வேறு சந்தேகம். கோயிலில் கொடுத்த நிவாரணச் சாமான்களை அம்மா அமுக்கிவிட்டாள் என்று நினைத்து, என்னைக் காணும்போதெல்லாம், "ஏட்டி, ஒங்கம்ம உள்ள என்னத்தப் பூட்டி வச்சிருக்கா?" என்று கேட்பாள்.

ஓர் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு, வள்ளங்கள் இறங்காமல், ரோட்டில் வெள்ளம் ஏறி, கடைகளும் அடைத்துக் கிடந்தபோது மாமி பாத்திரத்தோடு வந்து நின்றாள். அம்மா அறையைத் திறந்தாள். மாமி மூலைமூலையாகப் பார்த்தாள்.

"இந்தக் கெழங்குக்கா பூட்டு போட்ட?"

"பூட்டலேன்னா இன்னைக்கு ஒங்களுக்குத் தர இருந்திருக்குமா, மயினி?" என்றபடி அம்மா அள்ளிப் போட்டாள்.

மழை விட்டு வெயில் வந்ததும் மாமியும் முற்றத்தில் பாய் விரித்து மரச்சீனி காயப்போட்டாள். நான் அந்தப் பக்கம் நடந்தால்கூடக் காக்கை விரட்டும் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.