தைத்து மூடிய பைகள்

போன வாரம் என் பேரன் முதல் மாதச் சம்பளம் வாங்கிய சந்தோஷத்தில் என்னைக் கடலோரத்து ஹோட்டல் ஒன்றுக்குச் சாப்பிட அழைத்துப்போனான். சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மீனுக்கு உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. முடிந்ததும் பில் வந்தது. ‘சர்வீஸ்’ என்று ஒரு வரி போட்டு அதற்குப் பத்து விழுக்காடு சேர்த்திருந்தார்கள். அது போதாதென்று பேரன் பில் வந்த தோல் அட்டைக்குள் ஒரு வெள்ளி நோட்டு இரண்டையும் செருகினான். எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்குப் பரிமாறியவர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழ்ப் பிள்ளை. அவரையே கேட்டுவிட்டேன்.

“இந்த சர்வீஸ் காசு உங்க கைக்கு வருதா தம்பி?”

அவர் முதலில் கல்லாப் பக்கம் திரும்பி, அங்கே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். “வரும்லா அங்கிள். கொஞ்சம் வரும்.”

“தாத்தா, சும்மா இருங்களேன்” என்று பேரன் என் முழங்கையை அழுத்தினான். அவனுக்கு வெட்கம். எனக்குக் கோபம். எல்லாம் அந்தக் கல்லாப் பக்கப் பார்வையால் வந்த கோபம். நானே அப்படி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

பேச்சை மாற்றலாம் என்று மடித்து வைத்திருந்த துணியை எடுத்து வாயைத் துடைத்தேன். அதுவும் காலை வாரிவிட்டது, துணியில் கஞ்சி வாசம். மற்றவர்களுக்குக் கஞ்சி போட்ட துணி என்றால் கல்யாண வீடு நினைவுக்கு வரும், ஞாயிற்றுக்கிழமைப் பூசை நினைவுக்கு வரும். எனக்கு வருவது ஒரு வெள்ளைக் கோட்டு.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நான் இந்தத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு வெள்ளைக்கார ஹோட்டலில் மேசைக்குப் பரிமாறுகிறவனாக இருந்தேன். வயது இருபத்திரண்டு. வீடு டத்தோ கிராமாட்டில். இங்கிலீஷ் பள்ளியில் ஏழாவது வரை படித்தவன் என்ற திமிர் வேறு. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைக்கும் என்று இரண்டு வருடம் சட்டை மடிப்புக் கலையாமல் அலைந்தேன். கடைசியில் கிடைத்தது சூப்பு ஏந்தும் வேலை.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்து வரை பித்தளைப் பொத்தான். இடுப்புக்கு மேலே பார்த்தால் பட்டாளத்து அதிகாரி மாதிரி இருப்போம். கீழே வெறுங்கால். கோட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைகள் உண்டு, ஆனால் இரண்டின் வாயையும் தடித்த நூலால் தைத்து மூடியிருப்பார்கள். முதல் நாள் தெரியாமல் கையை விடப்போய் விரல் மடங்கி நின்றேன். எதிரே நின்ற பட்லர் சவரியப்பன், “என்ன தேடுற? அங்க ஒண்ணும் இல்ல, இனிமேலும் இருக்காது” என்றார்.

பட்லர் என்றால் சாப்பாட்டுக் கூடத்துக்கே ராஜா. துவானுக்கு அடுத்தபடி அவர்தான். துவான் என்று நாங்கள் சொன்னது ஹோட்டலை நடத்திய வெள்ளைக்காரரை. அவர் எங்களுக்குச் சம்பளம் கொடுத்ததே இல்லை. இரண்டு வேளைச் சோறு, இரண்டு கோட்டு, அவ்வளவுதான். மற்றதைச் சாப்பிட வருகிறவர்கள் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. அப்படிக் கொடுத்த இனாமை நாங்கள் தொட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. கூடத்து மூலையில் பூட்டுப் போட்ட பிஸ்கட் டின் ஒன்று இருக்கும், அதன் மூடியில் கீறிய ஓட்டை வழியாகப் போட்டுவிட வேண்டும். சாவி பட்லர் இடுப்பில். ஞாயிற்றுக்கிழமை அவர் திறந்து, தனக்கு எடுத்துக்கொண்டு, உடைந்த கண்ணாடிக்கென்று எடுத்துக்கொண்டு, மீதியை எங்கள் நாலு பேருக்கும் தருவார். பையைத் தைத்ததன் ரகசியம் இதுதான்.

கொடுக்கிறவர்களாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா? தோட்டத் துரைமார் கையில் காசே வைத்துக்கொள்ள மாட்டார்கள். தின்றதற்கும் குடித்ததற்கும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோவார்கள். மாதம் முடிந்ததும் சீட்டெல்லாம் துவானிடம் போகும், காசும் துவானிடம் போகும். சீட்டில் கையெழுத்துப் போடுகிறவனிடமிருந்து எனக்கு என்ன வரும்? “குட் பாய்” என்று ஒரு வார்த்தை வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வயிறு முட்ட நம் மிளகுத்தண்ணியையே குடித்துவிட்டு, அதை எப்படிக் குடிக்க வேண்டும் என்று எனக்கே பாடம் நடத்திய துரையும் உண்டு. கப்பல் பயணிகள்தான் ரொக்கமாகக் கொடுப்பார்கள். அவர்கள் உட்காருவது கடலைப் பார்த்த சன்னலோர மேசையில். அந்த மேசை யாருக்கு என்பதை பட்லர் தீர்மானிப்பார்.

என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் தேநீர்க் கோப்பைத் தட்டுக்கு அடியில் இருபது காசை வைத்துவிட்டுப் போனாள். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் இலைக்குப் பக்கத்தில் காசு கிடந்தால் என்ன அர்த்தம்? மறந்துவிட்டுப் போனார் என்றுதானே? வாசலில் ரிக்‌ஷா ஏறப்போனவளைத் துரத்திக்கொண்டு ஓடி, “மேடம், யூ பர்காட்” என்று நீட்டினேன். போதவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறான் என அவள் நினைத்துவிட்டாள். முகம் சிவந்துபோய் இன்னும் பத்து காசை என் காலடியில் எறிந்துவிட்டுப் போனாள். நான் குனிந்து பொறுக்கினேன். பட்லர் என் காதைத் திருகி, முப்பது காசையும் டின்னில் போடவைத்தார்.

அன்று எனக்காக வருத்தப்பட்ட ஒரே ஆள் மரியதாஸ் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பரிமாறும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்ள எனக்குக் காட்டிக்கொடுத்தவர். மனைவியும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் அக்கரையில், கெப்பாலா பத்தாஸில், மச்சான் வீட்டில் இருந்தார்கள். மச்சான் வீட்டில் எத்தனை நாள் மரியாதை இருக்கும்? வாரத்துக்கு ஒரு முறை பெரிப் படகு ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு, முகம் தொங்க வருவார். டத்தோ கிராமாட்டில் ஓர் அறை பிடித்து அவர்களைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. நானும் கூடப் போய் நாலு வீடு பார்த்தேன். எல்லா வீட்டுக்காரர்களும் கேட்டது ஒரே கேள்வி. மாதச் சம்பளம் எவ்வளவு?

“சம்பளம் இல்லீங்க, இனாம் வரும்” என்பார் மரியதாஸ் அண்ணன்.

“இனாம் வாங்குற ஆளுக்கு ரூம் குடுத்தா, வாடகைக்கு நான் யார்கிட்ட போறது?” என்று ஒருவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார். திரும்பி நடக்கும்போது மரியதாஸ் அண்ணன் சொன்னார், “தம்பி, பிச்சைக்காரனுக்கும் நமக்கும் ஒரு கோட்டுதான்லா வித்தியாசம்.”

அந்தச் சாத்திய கதவிலிருந்துதான் எங்கள் திட்டம் பிறந்தது. நாலு பேரும் ஒன்றாகத் துவான் முன்னால் போய் நிற்பது, குறைச்சலாக இருந்தாலும் பரவாயில்லை, மாதச் சம்பளம் என்று ஒன்று வேண்டும் எனக் கேட்பது. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு என்று முடிவானது. மற்ற மூவருக்கும் தெரிந்த இங்கிலீஷ் “எஸ் சார், சூப் சார்” அளவுதான். ஆகவே பேச வேண்டியவன் நான். எத்தனை வாக்கியம், எந்த வரிசை என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏழாவது வரை படித்தது வீண் போகவில்லை என்று நினைத்தேன்.

சனிக்கிழமை வந்தது. பன்னிரண்டு மணிக்கு பட்லர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குரலில் தேன் வடிந்தது.

“இன்னிக்குச் சன்னலோர மேசை உனக்கு. சாயங்காலக் கப்பல்ல போற துரை ஒருத்தர், கை தாராளம். விழுறதை டின்னுல போட வேணாம். நீயே வச்சுக்க.”

“ஏன் பட்லரய்யா?” என்று கேட்டேன்.

“நீ படிச்ச பிள்ளை. உனக்கு நான் சொல்லணுமா?”

புரியவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகவே புரிந்தது. இரண்டும் இரண்டுதான், அவர் கொடுப்பது வேறு, மூன்று மணி வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு சன்னலோரம் போனேன். அந்தத் துரைக்கு ஒரு ராஜாவுக்குச் செய்வதுபோல் செய்தேன். பழம் உரித்துக் கொடுத்தேன். அவர் போனபோது தட்டுக்கு அடியில் இருந்தது ஐந்து வெள்ளி நோட்டு. அதுவரை நான் என் கையில் முழுதாகப் பிடித்துப் பார்த்திராத நோட்டு.

எங்கே வைப்பது? கோட்டுப் பை தைத்திருக்கிறது. கால்சட்டைக்குப் பையே கிடையாது. காலில் செருப்பும் இல்லை. நாலாக, எட்டாக மடித்து இடது உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். மணி மூன்று.

துவான் மேசைக்கு முன்னால் நான் நின்றேன். எனக்குப் பின்னால் மரியதாஸ் அண்ணனும் மற்ற இருவரும். பழக்கதோஷம், என் இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. மூடிய கை. அவர்கள் கண்ணுக்கு நேரே.

“வெல்?” என்றார் துவான்.

குளித்தபோதெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் முதல் வார்த்தைகூட வரவில்லை. பட்லர் ஓரமாக நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டு உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டியது. நான் பேசினேன். நல்ல இங்கிலீஷில், தடங்கலில்லாமல் பேசினேன். எங்கள் கோட்டுகள் நைந்துபோய்விட்டன, தயவுசெய்து புதியவை வேண்டும் என்று கேட்டேன்.

துவான் சிரித்துவிட்டார். இதற்கா இத்தனை பேர் என்று கேட்டு, புதுக் கோட்டுக்கு பட்லரிடம் உத்தரவு சொன்னார். அப்போது மரியதாஸ் அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நோ கோட் சார். பே சார். மந்த் பே.”

துவானின் சிரிப்பு நின்றது. அவர் மரியதாஸ் அண்ணனிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, இவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். எனக்குத் தெரியாது சார் என்றேன். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். பட்லர் துவானிடம் குனிந்து ஏதோ சொன்னார். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லி மரியதாஸ் அண்ணனை அங்கேயே அனுப்பிவிட்டார்கள்.

நான் பின்னாலேயே ஓடினேன். பெரி ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் நாங்கள் வழக்கமாகக் கோப்பி குடிக்கும் கடை ஒன்று உண்டு. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நான் வேணும்னு செய்யல...”

“கோப்பி வாங்கிட்டு வா தம்பி” என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

நோட்டை மாற்றி, காசு கொடுத்து வாங்கி வந்து வைத்தேன். அவர் அவசரப்படாமல் குடித்தார். எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஐந்து காசு எடுத்து, கோப்பைத் தட்டைத் தூக்கி அடியில் வைத்தார். “தேங்க் யூ, பாய்” என்று சொல்லிவிட்டு பெரியைப் பார்த்து நடந்தார்.

கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். “தம்பி, அந்தாளு காசை மறந்துட்டுப் போறாரு பாரு! ஓடிப்போய்க் குடுலா!”

இருபது காசுக்கு வெள்ளைக்காரியின் பின்னால் ஓடிய கால் அன்றைக்கு நகரவில்லை.

அந்த மாதமே அவர் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கேயே மேலும் ஆறு வருடம் இருந்தேன், பெரும்பாலும் சன்னலோர மேசையில். கேட்டபடி புதுக் கோட்டுகள் வந்தன. பைகள் தைத்து மூடியே வந்தன. சவரியப்பன் செத்த பிறகுதான் அவருக்கும் துவான் சம்பளம் கொடுத்ததில்லை என்று தெரிந்தது. அதனால் அவர்மேல் எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை, இன்னும் ஓர் ஆள்மேல் கூடியது, அவ்வளவுதான்.

இப்போது அந்த ஹோட்டல் இல்லை. இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார்கள். கோப்பிக் கடை இல்லை, சீட்டில் கையெழுத்துப் போட்ட துரைமார் இல்லை. பரிமாறுகிறவர்களின் சட்டையில் பை திறந்தே இருக்கிறது. போன வாரம் பேரனுக்குத் தெரியாமல், எங்களுக்குப் பரிமாறிய பிள்ளையின் பையில் ஐந்து வெள்ளியைச் செருகப் போனேன். கை பாதியிலேயே நின்றுவிட்டது, காசை நானே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

துரை கொடுத்த நோட்டில் மீந்ததைக் கொண்டு இரண்டு பை வைத்த சட்டை ஒன்று தைத்துக்கொண்டேன். மரியதாஸ் அண்ணன் வைத்த காசை எடுத்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்தேன். ஆயர் ஈத்தாம் போகும் டிராமில் ஏறி, டத்தோ கிராமாட்டுக்கு ஒரு சீட்டு வாங்கினேன். அந்த டிராமும் இப்போது இல்லை.