நாஸ்பானுவின் நாலாயிரம் சில்லுகள்

மராகாவில் செங்கல் சுமக்கும் கழுதைகளில் பாதிக்கு மேல் என்னுடையவை. ஊருக்கு மேற்கே நிற்கிறதே குவாஜா ஃபர்ரூக்கின் கல்லறை மண்டபம், அதை யார் கட்டியது என்று கேட்டால், கொத்தனார் பக்தியார் என்று ஊரே சொல்லும். என் கழுதைகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும். சூளையிலிருந்து செங்கல்லைக் கொண்டுபோன அதே கழுதைகள் வாரம் ஒருமுறை பக்தியார் வீட்டு வாசலிலும் நின்றன. அங்கே வைக்கோல் திணித்த பெட்டிகளை ஏற்றிவிடுவாள் அவன் மனைவி நாஸ்பானு. "பாத்து ஓட்டுங்கண்ணே, முட்டை மாதிரி" என்பாள். என் கழுதைகளுக்கு முட்டையும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான். அதை அவளிடம் சொன்னதில்லை.

பெட்டிக்குள் இருந்தவை சுதைச் சில்லுகள். மண்டபத்தின் உட்சுவரில் ஒரு செங்கல்லுக்கும் அடுத்த செங்கல்லுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒவ்வொரு சில்லாகச் செருக வேண்டும். ஒன்றில் பூ, ஒன்றில் நட்சத்திரம், ஒன்றில் பின்னிய முடிச்சு. மழை பட்டால் சுதை கரைந்துவிடும் என்பதால் வெளிச்சுவருக்கு வெறும் செங்கல்லும் நீல மெருகு ஓடுகளும் மட்டும். சில்லெல்லாம் உள்ளேதான். ஒன்று போல இன்னொன்று இருக்கக் கூடாது என்பது, உயிரோடிருக்கும்போதே தமக்குக் கல்லறை கட்டிக்கொண்ட குவாஜாவின் உத்தரவு. பணக்காரனுக்கு வாயால் சொல்ல என்ன செலவு?

நாஸ்பானு சுதைச் சூளைக்காரரின் மகள். அந்த வெள்ளை மாவு தண்ணீர் பட்டதும் எத்தனை மூச்சுக்குள் இறுகும் என்பது அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். பக்தியாருக்குச் சுவர் எழுப்பத் தெரியும். எட்டுப் பக்கச் சுவரை நூல் பிடித்த மாதிரி தூக்கி, மேலே கும்மட்டம் கவிழ்த்து, அதற்கும் மேலே கூம்புக்கூரை போடுவான். ஆனால் சில்லு வெட்ட உட்கார்ந்தால் அவன் ஒரு பூ முடிப்பதற்குள் மாவு கல்லாகிவிடும். முதல் வாரம் அவன் ஏழு செய்தான். பார்த்துக்கொண்டிருந்த நாஸ்பானு கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில் நாலாயிரம் செய்தாள். கண்ணில் மாவுத்தூள் விழுந்து விழுந்து, வேலை முடிகிற சமயத்தில் வலது கண்ணில் பாலாடை போல ஒன்று படர்ந்திருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும்.

"ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும்ணே. எல்லாம் சேந்து என்னாச்சுன்னுதான் தெரியல. நீங்க பாத்தீங்கல்ல, எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"நல்லா… நெறைய இருக்கு."

"உங்க கழுதையக் கேட்டிருந்தா இன்னும் விவரமா சொல்லியிருக்கும்" என்று கதவைச் சாத்தினாள்.

போய்ப் பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்காதீர்கள். எங்கள் கொத்தனார்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ஆள் படுக்காத கல்லறைக்குள் பெண் கால் வைத்தால், அது அவளையே முதல் ஆளாக எடுத்துக்கொள்ளுமாம். உள்ளே ஒருவரை அடக்கம் செய்துவிட்டால் பயமில்லை. அப்புறம் வியாழன்தோறும் பெண்கள் அல்வாவும் பேரீச்சம்பழமுமாகப் போய் ஓதிவிட்டு வரலாம். பக்தியார் இதில் கல் மாதிரி இருந்தான். "கண்ணு போனா தடவிக்கிட்டாவது என்கூட இருப்பே. நீயே போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?" என்பான்.

ஆக, அவள் சுவரைப் பார்க்க வேண்டுமென்றால் குவாஜா சாக வேண்டும். குவாஜாவோ அறுபத்தெட்டு வயதில் புதுக்குதிரை வாங்குகிற ஆள். மஞ்சிட்டி வேரின் சிவப்புச் சாயம் விற்றுச் சம்பாதித்தவர், கல் தின்றாலும் செரிக்கிற வயிறு. நல்ல மனுஷனும்கூட, அதுதான் பெரிய தொல்லை. நாஸ்பானு காய்ச்சலில் கிடந்தபோது ஆட்டுக்கறியும் மருந்தும் அனுப்பியவர் அவர்தான். கெட்டவனாக இருந்தால் மனதார ஒரு சாபமாவது கொடுத்திருக்கலாம்.

மண்டபம் கட்டி முடித்து நாலு வருஷம் ஓடியது. அவள் வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணிலும் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. ஒருநாள் நான் வாசலில் நின்றபோது அவள் கையேந்தி இறைவனிடம் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். "குவாஜாவுக்கு நீண்ட ஆயுசு குடு, ரப்பே" என்று சொல்லிவிட்டு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் எதற்கு அழுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு கோபம் வந்தது. எனக்கு எதுவும் கடைசியில் கோபமாகத்தான் வரும்.

குவாஜாவுக்கு ஒரு வழக்கம். வாரம் ஒருமுறை தம் கல்லறையைத் திறந்து உள்ளே உட்கார்ந்திருப்பார். விருந்தாளி வந்தால் வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல, தாம் படுக்கப்போகும் நிலவறையைக் காட்டுவார். அந்த வாரம் முற்றத்துக்குச் செங்கல் இறக்கப் போயிருந்தேன். என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"பாருப்பா. வெயில் சாஞ்சதும் ஒவ்வொரு சில்லும் தனியா எந்திரிச்சு நிக்குது. பக்தியார் கைய வெள்ளியில வார்க்கணும்."

"அது பக்தியார் கை இல்ல குவாஜா."

வாயை விட்டுவிட்டேன். இனி முழுங்க முடியாது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அப்ப வந்து பாக்க வேண்டியதுதானே அந்தப் பொண்ணு?" என்றார்.

"உள்ள ஆள் இல்லியே. நீங்க… நல்லா ஆரோக்கியமா இருக்கீங்க."

குவாஜா என் பக்கம் திரும்பினார். "நான் சாகலங்கறதுதான் கொறையா?"

"நான் சொல்லல. அவளும் சொல்லல. உங்க ஆயுசுக்குத்தான் தினம் கேக்கறா. அழுதுக்கிட்டே கேக்கறா."

கும்மட்டம் அதிரச் சிரித்தார் மனுஷன். அந்தச் சிரிப்பைப் பாதியிலேயே நிறுத்தினார். பிறகு மெல்லிய குரலில் பேசினார்.

"எங்கம்மா ஆத்தங்கரைல கெடக்கறா. சாயக்கம்பளி அலசிப் பொழைச்சவ. சாகற வரைக்கும் ரெண்டு கையும் செவப்பு. வருஷா வருஷம் வெள்ளம் அவ தலைமேல ஏறி எறங்குது. நான் இங்க வந்து உக்காந்து சுவர ரசிக்கறேன்."

பத்து நாளில் வேலை நடந்தது. காஜியாரிடம் அனுமதி வாங்கி, தாயின் எலும்புகளை வெள்ளைத் துணியில் சுற்றித் தாமே சுமந்து வந்தார் குவாஜா. பக்தியார் நிலவறையைத் திறந்தான். தமக்கென்று வைத்திருந்த நடு இடத்தில் தாயை வைத்தார். பக்தியார் மட்டும் ஒரு வாரம் என் முகத்தில் விழிக்கவில்லை. வாங்கிய புகழைத் திருப்பிக் கொடுப்பது யாருக்குத்தான் இனிக்கும்?

முதல் வியாழன் பிற்பகல் பெண்கள் போனார்கள். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள் நாஸ்பானு. நானும் பக்தியாரும் வெளியே அல்வாத் தட்டுகளோடு நின்றோம். உள்ளே ஓதும் சத்தம் கேட்டது. நாஸ்பானு முதலில் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாளாம். அப்புறம் சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, இடது கண்ணால் வரிசை வரிசையாக நகர்ந்தாளாம். பெண்கள் ஓதி முடித்துக் கீழே இறங்கியும் அவள் வரவில்லை. வெயில் சாய்ந்தது. பக்தியார் தட்டை என் கையில் கொடுத்தான், வாங்கினான், மறுபடி கொடுத்தான்.

திடீரென்று உள்ளிருந்து ஒரு கூச்சல்.

"யோவ்! இங்க வாய்யா! என்னய்யா வேலை பாத்திருக்க நீ?"

ஓடினோம். சுவரில் குடைந்த மாடத்துக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு சில்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இத தலைகீழா வெச்சிருக்க. இது மாதுளைமொட்டுதானே? நாலு வருஷமா இப்படியே தொங்குதா?"

பக்தியார் குனிந்து பார்த்தான். காது சிவந்துவிட்டது.

"தலைகீழா இல்ல. அப்படித்தான்."

"நான் இப்படி செய்யவே மாட்டேன்."

"நீ செய்யல. நான் செஞ்சது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த மொத வாரம், கத்திய நீ பிடுங்கறதுக்கு முன்னால செஞ்ச ஏழுல இது ஒண்ணு. மீதியத் தூர எறிஞ்சிட்டேன். உன்னோடது நாலாயிரம் போகுது, நடுவுல என்னோடது ஒண்ணு இருக்கட்டுமேன்னு… கீழ வெச்சா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்."

அவள் அந்தச் சில்லை மறுபடி தடவினாள். பிறகு அப்படியே அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிரித்தாள் என்றும் சொல்லலாம். பின்னாலேயே வந்த என் மனைவி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

குவாஜா அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, தாயின் காலடியில் படுத்தார். நாஸ்பானுவின் இடது கண் அடுத்த பனிக்காலம்வரை தாங்கியது. இப்போதும் பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து, சுவர் எப்படி இருந்தது என்று அவளிடம் கேட்பார்கள். நாலாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

"மாடத்துக்குப் பக்கத்துல, கீழ ஒரு மொட்டு இருக்கு. கோணலா இருக்கும். அதப் பாக்காம வந்துடாதீங்க" என்பாள்.