பூக்காத சுவர்

1. அறை சூடானால் சாம்பல் நிறம் விலகி, அடியிலிருக்கும் செம்பருத்திப் பூக்கள் தெரியும்படி ஒரு வால்பேப்பர் வடிவமைத்தேன்.
2. மே மாதம் வேலூர் அச்சகத்தில் அச்சிட்டு, அங்கேயே சுவரில் ஒட்டிப் பார்த்தோம். காலையிலேயே பூத்துவிட்டது.
3. டிசம்பரில் பெங்களூர் வைட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட்டில் ஒட்டினோம். பூக்கவில்லை.

அப்போது ஒரு சிறிய உள் அலங்கார நிறுவனத்தில் தற்காலிகப் பணியில் இருந்தேன். இந்தச் சுவர் சரியாக வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஃபிளாட்டுக்காரம்மா பல தலைமுறைகளாகப் பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர்; பேச்சில் கன்னடம் கலந்து வரும். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவருக்காகத்தான் இதைக் கேட்டார். கட்டிலை ஒட்டிய சுவர் மத்தியானம் பூக்கும், சாயங்காலம் மறையும். அவருக்குப் பொழுது நகர்வது தெரியும் என்று நினைத்தோம்.

ஒட்டி ஒரு வாரம் கழித்து அந்த அம்மா போனில் கூப்பிட்டார்.

"ஏம்மா, பூ பூன்னு சொன்னியே, எங்க? சிமெண்ட் பூசின மாதிரி சும்னே நிக்குது."

அச்சகத்து அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இன்னாம்மா சொல்ற? இங்க ஃபேன் போட்டும் பூத்துச்சே!"

"இங்க வீட்டுக்குள்ள ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்காங்க அண்ணா."

அவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

மை முப்பது டிகிரியில் நிறம் மாற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது நான். சரி என்றது அவர். இருவரும் வேலூர்க்காரர்கள். சாதாரண அறை என்றால் எங்களுக்கு அவ்வளவு சூடு. இந்தப் பெங்களூரில் வருடம் முழுக்கப் போர்வையோடு தூங்கியும் எனக்கு அது உறைக்கவில்லை.

ஹீட்டர் வைக்கலாம் என்றார் முதலாளி. அந்த அம்மாவின் கணவரைப் பார்க்கும் டாக்டர் கூடாது என்றுவிட்டார். தாளைக் கிழித்தெடுக்க நானே போனேன்.

கட்டிலில் அவர் விழித்திருந்தார். அசைக்க முடிந்த ஒரு கையைச் சுவரில் பதித்து, வெகுநேரம் வைத்திருந்து எடுத்தார். அந்த இடத்தில் ஓர் இதழ் சிவப்பாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பலானது. மறுபடியும் கையை வைத்தார்.

"விடும்மா, இருக்கட்டும். காலைலேருந்து இதத்தான் பண்றாரு," என்றார் அந்த அம்மா.

மார்ச்சோடு என் வேலை முடிந்தது. இப்போது வேறொரு இடத்தில் சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போடுகிறேன். தாள் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. குளிர் நாட்களில் அவர் கை சில்லிட்டுவிடுகிறதாம். அந்த ஓர் இதழும் வருவதில்லை.