மெத்தைக்காரரும் அக்கி ஊசியும்

உலகத்தில் எல்லாரும் உழைத்துக் களைத்துப் படுப்பார்கள். மெத்தைக்காரர் படுத்தே உழைப்பவர். கடைவீதி முக்கிலுள்ள மெத்தைக் கடையில் மூத்த விற்பனையாளர். ஆள் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பாலிதீன் உறை சரசரக்க மெத்தையில் ஏறி மல்லாந்து, ஒருக்களித்து, குப்புறக் கிடந்து காட்டுவார்.

"எந்தப் பக்கம் புரண்டாலும் வலின்னா என்னன்னே தெரியாது, பாருங்க!"

ஐம்பத்தாறு வயதிலும் இந்தக் கடும் உழைப்புக்கு அவர் முகம் சுளித்ததில்லை. குடும்பத்துக்கே சோறு போடும் முதுகு அது.

அந்த முதுகைப் பற்றி முதலில் கவலைப்பட்டவள் மனைவி. அவளுடைய அண்ணனுக்கு விலாவில் அக்கி கண்டிருந்தது. கொப்புளம் ஆறியும் எரிச்சல் ஆறவில்லை. மனிதர் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, அம்பது தாண்டினவங்களுக்கு அதுக்கு ஊசி இருக்காம். போட்டுக்குங்களேன்."

"எங்க பரம்பரையில யாருக்கும் அக்கி வந்ததில்ல."

"வந்துச்சா வரலையான்னு தெரிய, உங்க பரம்பரையில யாரு டாக்டர்கிட்ட போனாங்க?"

 மெத்தைக்காரர் மறுத்ததற்கு உண்மையான காரணம் ஊசிமுனை அளவு சிறியது, ஊசிமுனையேதான் அது. அதை ஆண்பிள்ளை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? ஊசி வேண்டாம், மெத்தை போதும் என்று நிரூபிக்கக் கிளம்பினார். கடையிலிருந்த மெத்தைகளிலேயே மெத்தென்றதை வண்டியில் ஏற்றிக்கொண்டு மச்சான் வீட்டில் போய் இறங்கினார்.

"நோயில என்ன இருக்கு மச்சான்? எல்லாம் படுக்கிற விதத்துல இருக்கு. இப்படி ஒருக்களிச்சுச் சாயுங்க."

மச்சான் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் துள்ளி எழுந்தார்.

"மாப்ளே, இதைத் தூக்கிட்டுப் போயிடுங்க! சட்டை பட்டாலே கங்கு வச்ச மாதிரி இருக்கு, இதுல பஞ்சென்ன பாறாங்கல்லென்ன!"

சொல்லிவிட்டுத் தலையணையை மடியில் கட்டிக்கொண்டு நாற்காலிக்கே திரும்பினார். மெத்தைக்காரர் அந்த நாற்காலியைப் பார்த்தார். அதில் தன்னை உட்கார வைத்தும் பார்த்தார். படுக்க முடியாத மெத்தை விற்பனையாளரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? இந்த வயதுக்கு மேல் நாற்காலிக் கடையில் போய்த் தொழில் பழகுவதா?

மறுநாள் டாக்டரம்மா முன்னால் இருந்தார். ஆனாலும் மல்லுக்கட்டாமல் விடவில்லை.

"எனக்குச் சின்ன வயசுலயே சின்னம்மை வந்து போயிடுச்சும்மா. இனிமே எதுக்கு?"

"வந்துச்சு. போகல. அந்தக் கிருமி உங்க முதுகுத்தண்டுப் பக்கம் நரம்புக்குள்ள தூங்கிட்டு இருக்கு. முழிச்சா அக்கி."

மெத்தைக்காரர் திகைத்தார். ஊரையெல்லாம் காசு வாங்கித் தூங்கவைத்த முதுகில், இத்தனை வருஷமாக ஒருவன் ஓசியில் தூங்கியிருக்கிறான்!

"ஊசி போட்டா கண்டிப்பா வராதா? கேரண்டி உண்டா?"

"பெரும்பாலும் வராது. தப்பி வந்தாலும் ரொம்பப் படுத்தாது. நீங்க மெத்தைக்குப் பத்து வருஷம் கேரண்டி குடுக்குறீங்களே, அது தாங்குமா?"

"அது... எழுதித்தாம்மா குடுக்குறோம்."

"கையை நீட்டுங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டார். முடிந்தது என்று கூட வந்த மனைவி தோளைத் தட்டிய பிறகே திறந்தார். சில மாதம் கழித்து இன்னொன்று உண்டு என்று டாக்டரம்மா சொன்னபோது திறந்த கண்ணை மறுபடி மூடினார்.

விடிந்தபோது கை கனத்தது, உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். லீவு கேட்டு முதலாளிக்குப் போன் போட்டார்.

"காய்ச்சல்னா படுத்துத்தானே இருக்கணும் அண்ணே? இங்க வந்து படுங்க."

நியாயமாகத்தான் பட்டது. போனார். ஓர் இளம் தம்பதிக்காக மெத்தையில் ஏறி, "எந்தப் பக்கம் புரண்டாலும்..." என்று ஆரம்பித்தவர், வாக்கியத்தை முடிக்கவில்லை. குறட்டைதான் வந்தது. அந்தப் பெண் பயபக்தியோடு வாயைப் பொத்திக்கொண்டு, "நடிப்பே இல்லைங்க, இதையே எடுத்துடலாம்" என்று புருஷன் காதில் சொன்னாள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களும் அதையே கேட்டார்கள்.

சாயங்காலம் முதலாளி தன் கையாலேயே காபி கொண்டுவந்து அவரை எழுப்பினார்.

"அண்ணே, அந்த ரெண்டாவது ஊசியை வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போட்டுக்குங்க. சனிக்கிழமைதான் நமக்குக் கூட்டம்."