அட்டிகை எட்டாத கழுத்து

கல்யாணத்துக்குப் போட்ட அட்டிகை இரண்டாம் வருடமே என் கழுத்துக்கு எட்டவில்லை. பின்னால் கொக்கியை மாட்ட முடியாமல் மாமியார் திணறினார். "எங்க வூட்டு சோறு நல்லா ஒத்துக்கினுச்சு, பாரேன்!" என்று திண்டிவனத்தில் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். நல்ல பெருமை! ஆசாரி ஒரு வளையம் சேர்த்துக் கொடுத்தார்.

அதற்குள் இரண்டு கரு கலைந்திருந்தது. மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது, சித்திரை வெயிலில் எனக்குக் குளிரெடுத்தது. தலை வாரினால் முடி கொத்தாக வந்தது, நின்றபடியே தூங்கினேன். எதைச் சொன்னாலும் "மசக்கைதான்" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதாவது தங்க வேண்டுமே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். வயிற்றைத் தொடுவதற்கு முன்பே அவர் என் கழுத்தைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொன்னார். முன்கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியது. ரத்தத்தை மெட்ராஸுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டார்.

"தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யலம்மா. உன் ரத்தமே அத எதிரின்னு நெனச்சி அடிச்சிக்கினு இருக்குது. முன்ன கலைஞ்சதுக்கும் இது காரணமா இருக்கலாம். தினம் காலையில வெறும் வயித்துல இந்த மாத்திரை. ஒரு நாளும் நிறுத்தக் கூடாது."

ஒரு காரணமாவது கிடைத்ததே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

திண்டிவனம் திரும்பியதும் மாமியார் மாத்திரைப் புட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "வாயும் வயிறுமா இருக்கறவ இங்கிலீசு மாத்திரை முழுங்குவியா? சூடும்மா அது! கலைச்சிடும். கொழந்த பொறக்கட்டும், அப்பறம் போட்டுக்க."

"அத்தை, இத போடலன்னாதான் கலையுமாம். டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரா வந்து பெத்துக் குடுக்கப் போறா?"

கணவரைப் பார்த்தேன். "அம்மா சொன்னா கேளேன், இன்னாத்துக்கு பேஜாரு?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். புட்டி பீரோவுக்குள் போனது, சாவி மாமியார் இடுப்புக்குப் போனது. அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருந்தால் மனதாரத் திட்டியாவது இருப்பேன். தினமும் என் வயிற்றுக்காகத்தான் விளக்கேற்றிக் கும்பிட்டார்.

மூன்றாம் மாதம் முடியுமுன் அதுவும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலை, மாமியார் பீரோவைத் திறந்தார். அழுதழுது அவர் கண் வீங்கியிருந்தது. ஒரு உள்ளங்கையில் மாத்திரை, இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு.

"இப்ப போட்டுக்கம்மா. வயித்துலதான் ஒண்ணும் இல்லியே, இனிமே பயமில்ல" என்றார்.

விழுங்கினேன். கழுத்தில் வீக்கம் ஏறி இறங்கியது.