நாலாம் நம்பர் கோழிக்குக் கொசுவலை

ஒன்பது வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை. சடையங்குப்பத்தில் மழைத் தண்ணீர் யார் வீட்டுக்குள் முதலில் நுழையும், மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் எந்த ஜன்னலைச் சாத்த வேண்டும், எல்லாம் அத்துப்படி. கோழி விஷயமும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். வீடு வீடாகப் போய்த் தொட்டியிலும் பழைய டயரிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அவளுக்கு. ஒருநாள் அவளுடைய ஆபீசிலிருந்து ஆறு கோழிகளைக் கூண்டோடு கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் வைத்தார்கள். ஒவ்வொன்றின் காலிலும் நம்பர் போட்ட வளையம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்த ஆபீஸ் டாக்டர் சார் வந்து, இறக்கையை விரித்து ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் போவார். கொசு வழியாக மூளைக்காய்ச்சல் கிருமி இந்தப் பக்கம் வந்தால், மனிதர்கள் காய்ச்சலில் படுப்பதற்கு முன்பே கோழி ரத்தத்தில் தெரிந்துவிடுமாம். அவற்றை விற்கக் கூடாது, அறுக்கக் கூடாது, பக்கத்தில் கொசுவத்தி கொளுத்தக் கூடாது. டேங்கர் லாரி ஓட்டும் என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூண்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

தீனி வைப்பதும் கூண்டைச் சாத்துவதும் என் பொறுப்பு. நாலாம் நம்பர் என் செல்லம். மற்றவற்றை மிதித்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையிலிருந்துதான் கொத்தும்.

மழைக்காலத்தில் ஒருநாள் டாக்டர் சார் இரண்டாம் நம்பரைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். ஏன் என்று அத்தையைக் கேட்டேன்.

"அதோட ரத்தத்துல வந்துட்ச்சிடி. அதான் எத்துகினு போறாங்கோ. வேற கோழி வுடுவாங்கோ."

அன்று சாயங்காலமே தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி ஓடியது. யார் வீட்டிலாவது காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். இதற்கெல்லாம் இரண்டாம் நம்பரோடு சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொசு கடித்த கோழியைக் கொண்டுபோய்விடுகிறார்கள், எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அடுத்தது நாலாம் நம்பர் என்றால் நான் என்ன செய்வேன்?

வீட்டில் இரண்டு கொசுவலைகள். ஒன்றில் அப்பாவும் அம்மாவும், இன்னொன்றில் நானும் அத்தையும். ஏதோ ரசத்தில் உப்புப் போதவில்லை என்று ஆரம்பித்து, அம்மாவும் அத்தையும் பேச்சை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒருவருக்கொருவர் என்ன சொல்வதானாலும் என் வழியாகத்தான் போகும். இப்படியொரு வசதி எந்தத் திருடனுக்கும் கிடைத்திருக்காது. வலை கிழிந்துவிட்டது, அம்மா தைக்க எடுத்து வைத்திருக்கிறாள் என்று அத்தையிடம் சொன்னேன். வலையை மாற்றி வாங்க அத்தை ஆபீசுக்கு எடுத்துப் போயிருக்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னேன். இருவரும் ரோஷக்காரர்கள். கேட்டுக்கொள்ளவே இல்லை.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கூண்டின் மேல் வலையைப் போர்த்திச் சுற்றிலும் கல் வைப்பேன். விடிந்ததும் முதல் ஆளாக எழுந்து, சுருட்டிப் பழைய டிரம்முக்குள் ஒளித்துவிடுவேன். நானும் அத்தையும் சொறிந்துகொண்டே தூங்கினோம்.

அடுத்த முறை ரத்தம் எடுத்துப் போன டாக்டர் சார் இரண்டு நாளில் அத்தைக்குப் போன் செய்தார். சுற்றுவட்டாரக் கூண்டுகளில் எல்லாம் கிருமி தெரிகிறதாம், எங்கள் கூண்டு மட்டும் சுத்தமாம். எங்கள் தெருவுக்கு இனிப் புகை வேண்டாம் என்று வண்டியை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்களாம். அத்தை அதைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள். என் பெருமை அதைவிடப் பெரியது. வெளியில் சொல்ல முடியாததுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் திடீர் மழை. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போன அம்மா, அங்கிருந்தே கத்தினாள். மூன்று வாரத்துக்கு மேல் கழித்து அவள் அத்தையிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அண்ணீ, இங்க வந்து பாரு! உன் கொசுவலைய உம் மருமவ கோழிக்குப் போத்திக் கீறா!"

அத்தை வந்தாள். அடி விழும் என்று முதுகை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை.

"எத்தினி நாளாடி?"

"ரெண்டாம் நம்பர் போனதுலேர்ந்து. நாலாம் நம்பரையும் கொசு கட்ச்சா எத்துகினு பூடுவாங்க இல்ல, அத்தே?"

"கோழிய கொசு கடிக்கணும்னுதாண்டி கூண்டே வச்சிக் கீது!"

மழையில் நின்றபடியே டாக்டர் சாருக்குப் போன் போட்டாள். காற்றில் பறந்து விழுந்த வலை என்று அவள் சமாளித்திருக்கலாம். வேலையே போகக்கூடிய விஷயம். "சார், எங்க கூண்ட நம்பாதீங்க. கோழிய கொசுவே கடிக்கல. தப்பு எங்க வூட்லதான். பொகை வண்டிய எங்க தெருவுக்குத் திருப்பி அனுப்புங்க சார்" என்றாள். அவளை நான் துரோகி என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வந்த டாக்டர் சார் கூண்டுப் பக்கம் போகவே இல்லை. நேராக வீட்டுக்குள் வந்து, இத்தனை நாளும் வலை இல்லாமல் படுத்தது யார் யார் என்று கேட்டார். முதலில் அத்தைக்கு ரத்தம் எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று ஒரு வாரத்தில் தெரிந்தது. நாலாம் நம்பரின் ரத்தத்தில் அடுத்த மாதம் தெரிந்தது. வண்டியில் ஏற்றும்போதும் அது கொழுகொழுவென்றுதான் இருந்தது, டாக்டர் சாரின் கையைக் கொத்தியது. அந்தக் கிருமி கோழியை ஒன்றும் செய்யாது, சின்னப் பிள்ளைகளைத்தான் சாய்க்கும் என்று பல வருஷம் கழித்துத்தான் படித்தேன்.

அன்று காலை அது எதுவும் எனக்குத் தெரியாது. கையை நானே தைரியமாக நீட்டினேன். தனக்கு ஊசி இறங்கும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அத்தை, என் முறை வந்ததும் என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். ஊசிக்கெல்லாம் பயந்து ஓடுகிற ஆள் நான் இல்லை, விடு அத்தே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் விடவே இல்லை.